திருகோணமலை நகரை அளக்க: லேசரா, வான்படமா, இரண்டுமா?

என்.சி. றோட்டுக்குப் பின்பக்கம் ஓர் ஒழுங்கை. மாரி பிறந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன்னர் அங்கே புதிதாகக் கான் கட்டினார்கள். தண்ணீர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. படலையடியில் நின்ற ஓர் அம்மா என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "கானைக் கட்டிப்போட்டுப் போயிட்டாங்கள் தம்பி, தண்ணிக்குச் சொல்லேல்ல போல."

அவர் சொன்னதில் பிழையில்லை. கானின் வாய் ஒழுங்கையின் நடுப்பகுதியைவிடச் சில சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில சென்ரிமீற்றர்களை நகரம் முழுவதற்கும் அளந்து வைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. வானிலிருந்து லேசரால் அளக்கலாம், வானிலிருந்து படம் எடுத்து அந்தப் படங்களிலிருந்து உயரத்தைக் கணிக்கலாம், இரண்டையும் சேர்க்கலாம். வடிகால், வெள்ளம், கட்டடக் கணக்கு என்று எந்த வேலைக்கு இதைப் பேச உட்கார்ந்தாலும் இந்த மூன்றில் எது என்ற கேள்வி வந்துவிடும். விலைமனு கொடுக்கிறவர்கள் தங்களிடம் உள்ள கருவிதான் சிறந்தது என்பார்கள். என்னிடம் விற்க எந்தக் கருவியும் இல்லை.

இலவசமாகக் கிடைக்கிற உயரத் தரவு போதாதா என்று முதலில் கேட்பார்கள். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.ரி.எம். இருக்கிறது, அதன்பின் வந்த கொப்பர்னிக்கஸ் உயர மாதிரி இருக்கிறது. இரண்டும் 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. நம் ஒழுங்கைகளின் அகலம் மூன்று மீற்றர். கந்தளாயிலிருந்து வரும் தண்ணீர் தம்பலகாமத்துப் பக்கம் எப்படி ஓடுகிறது என்று பருமட்டாகப் பார்க்க உதவும், ஒழுங்கைக்கு உதவாது. அதை விட்டுவிடுவோம்.

வான்படத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ட்ரோன் ஒன்று நகரின் மேல் வயல் உழுவதுபோல் வரிவரியாகப் பறந்து, ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு 80 வீதம் ஒத்துவரும்படி எடுக்கும். ஒரே ஓட்டுமுனை ஏழெட்டுப் படங்களில் வெவ்வேறு கோணத்தில் விழும். நம் இரண்டு கண்களும் தூரத்தை உணர்வதுபோல, மென்பொருள் அந்தக் கோண வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும். ஒவ்வொரு படத்துணுக்குக்கும் (பிக்சலுக்கும்) இப்படி உயரம் காணும் வேலையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் ஹெய்கோ ஹிர்ஷ்முல்லர் 2005இல் வெளியிட்ட கணிப்புமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடியில் அதன் ஏதோவொரு வடிவம் ஓடுகிறது.

செலவு குறைவு என்பதைவிட, விவரம் அதிகம் என்பதே இதன் பலம். கணக்கு எளிது. சென்சரில் ஒரு துணுக்கு 3.3 மைக்ரோமீற்றர், வில்லையின் குவியத்தூரம் 12.3 மில்லிமீற்றர், பறக்கும் உயரம் 100 மீற்றர் என்றால் தரையில் ஒரு துணுக்கு ஏறத்தாழ 2.7 சென்ரிமீற்றர். மதிலின் மேல் பதித்த போத்தல் ஓடுகூடப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அஸ்பெஸ்டஸ் சீற்றின் விளிம்பு, தண்ணீர்த் தாங்கியின் மூடி, புதிதாக இறக்கிய தகரப் பத்தி எதுவும் தப்பாது. சோலைவரிக்குக் கட்டடங்களைக் கணக்கெடுக்க வேண்டுமானால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. லேசரைப் பற்றிப் பேசவே வேண்டாம், காசு மிச்சம்.

ஆனால் தண்ணீர்க் கணக்குக்கு வந்தால் கதை வேறு. கமரா காண்பது மேல்தோலை மட்டும். ஒழுங்கையின் இரு பக்கமும் வேம்பும் மாவும் முருங்கையும் கைகோத்து நின்றால் படத்தில் ஒழுங்கையே இல்லை, ஒரு பச்சைப் பாலம் இருக்கும். அந்த உயர மாதிரியை வெள்ளக் கணிப்புக்குள் போட்டால் மரத்தின் தலை எட்டு மீற்றர் உயரத் தரையாகிவிடும், தண்ணீர் அதில் முட்டித் தேங்கும். நான் ஒருமுறை பார்த்த கணிப்பில் ஒரு வாகை மரம் நீர்த்தேக்கத்தின் அணைக்கட்டாக நின்றது. அதற்குப் பின்னால் பதினைந்து வீடுகள் மூழ்கியிருந்தன. உண்மையில் அந்த வீடுகளில் ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை. மரங்களைக் கையால் வெட்டி நீக்கி இடையில் தரையை ஊகித்து நிரப்பலாம், செய்கிறார்கள். ஆனால் ஊகித்த தரையில்தான் கான் கட்டப்போகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கள்ளமானது. மரத்தை அணையாக்கிய பிழையைக் கண்ணால் கண்டுவிடலாம், இதைக் காண முடியாது. கமராவின் வில்லை கோடுகளை மிக நுணுக்கமாக வளைக்கும். எவ்வளவு வளைக்கிறது என்பதை மென்பொருள் படங்களிலிருந்தே கணித்துக்கொள்ளும். எல்லாப் படங்களும் நேர்கீழாக, ஒரே உயரத்தில், சமதரையின் மேல் எடுக்கப்பட்டால் அந்தக் கணிப்பு பிசகும், முழு மாதிரியும் கவிழ்த்த தட்டுப்போல நடுவில் மெல்ல உயர்ந்துவிடும். தட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இருபது சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தாலே எங்களுக்குப் போதுமான கேடு. ஏனென்றால் டச்சுக் குடாவுக்கும் உள்துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிற நகரத்தில் சரிவு எவ்வளவு? ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் நூறு மீற்றர் நடந்தால் பத்து சென்ரிமீற்றர் இறக்கம். பிழை சரிவைவிடப் பெரிது.

எங்களுக்கு அப்படி ஒன்று நடந்தது. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், அழகான படமும் வழவழப்பான மாதிரியும் தந்தது. தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தால் நகரின் நடுவிலிருந்து நாலாபக்கமும் ஒழுங்காக வடிந்தது. கூட்டத்தில் இருந்த மூத்த பொறியியலாளர் ஒருவர் சிரித்துவிட்டார். "இப்பிடி வடியுமெண்டால் எங்களுக்கு வேலையே இல்லையே தம்பி." தரையில் நின்று உயர வித்தியாசம் அளக்கும் மட்டமானியை எடுத்துக்கொண்டு போய் நான்கு இடத்தில் பார்த்தோம். நடுவில் மாதிரி உயர்ந்திருந்தது. மாதிரியைத் தரையோடு பொருத்த முன்கூட்டியே அளந்து வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எல்லாம் ஓரத்தில் இருந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. சாய்கோணப் படங்கள் சில, நடுவில் புள்ளிகள் சில இருந்திருந்தால் வராத பிழை. அவர்கள் பிறகு திருத்தித் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிழலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இரண்டு மாடிக் கடைகளுக்கு நடுவில் உள்ள சந்தில் நிழல் விழுந்தால் அங்கே மென்பொருளுக்குப் பிடிமானம் இல்லை. சூரியன் உச்சிக்கு வரும் நாள்களில் பறந்தால் நல்லது. திருகோணமலைக்கு அது ஏப்ரல் 12ஆம் திகதி வாக்கிலும் ஓகஸ்ட் கடைசியிலும். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய நாள்களில் நண்பகலில் நின்றால் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். ஆனால் அதே உச்சிவெயில் கடலிலும் தகரக் கூரையிலும் பட்டு நேரே கமராவின் கண்ணில் தெறிக்கும். கரையோரத்தில் பறப்பவர்கள் ஒரு மணித்தியாலம் முன்பின் தள்ளிக்கொள்வதுதான் வழக்கம்.

இனி லேசர். ஒரு துடிப்பை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை அளப்பது, அவ்வளவுதான். ஒளி ஒரு நானோவினாடியில் போய்த் திரும்பும் தூரம் 15 சென்ரிமீற்றர். ஆக, கருவி நானோவினாடியின் சிறு பங்கை எண்ண வேண்டும். கருவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் அதே அளவு துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். ஆயிரம் மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் கோணம் 0.01 பாகை பிசகினால் தரையில் புள்ளி 17 சென்ரிமீற்றர் தள்ளி விழும். லேசர் பெட்டியின் விலையில் கணிசமான பங்கு லேசருக்கு அல்ல, அது எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் உணரிக்குத்தான்.

கமராவுக்கு ஓரிடத்தை உயரத்தோடு அறிய அந்த இடம் இரண்டு படங்களிலாவது தெரிய வேண்டும். லேசருக்கு ஒரே ஒரு கதிர் போய்த் திரும்பினால் போதும். ஒடுங்கிய சந்துகளில் இந்த வித்தியாசம் பெரிது. மரத்தடியில் இன்னும் பெரிது. ஒரு துடிப்பின் ஒரு பகுதி உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பும், ஒரு பகுதி நடுக் கிளையில், மிச்சம் தரையில். கருவி அவற்றைத் தனித்தனியாகப் பதியும். கடைசியாகத் திரும்பியவற்றை மட்டும் எடுத்தால் மரங்கள் கழன்று விழுந்து ஒழுங்கை வெளியே வரும். முதல்முறை அதைத் திரையில் பார்த்தபோது கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை ஏறும் பாதையின் இரு பக்கமும் மான்கள் படுக்கிற மரநிழல் எல்லாம் வெறும் நிலமாகத் தெரிந்தது. கொஞ்சநேரம் வேலையை விட்டுவிட்டு அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

வெளிநாட்டு அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நெதர்லாந்து தன் முழு நாட்டையும் 1990களின் கடைசியிலிருந்து திரும்பத் திரும்ப லேசரால் அளக்கிறது. அவர்கள் பறப்பது இலை உதிர்ந்த குளிர்காலத்தில். நமக்கு இலை உதிரும் காலம் என்று ஒன்று இல்லை. மாவும் வேம்பும் பலாவும் வருடம் முழுக்கக் குடைபிடித்துத்தான் நிற்கும். அமெரிக்காவில் தேசிய அளவிலான வேலைக்குக் குறைந்தபட்சமாக ஒரு சதுர மீற்றருக்கு 2 புள்ளிகள், மேல்தரத்துக்கு 8 என்று வைத்திருக்கிறார்கள். நம் வளவுகளில் தரையை எட்டுவது அனுப்பியதில் சிறு பங்குதான். ஆகவே 2 என்ற எண்ணை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. "மரத்தடியில் தரையில் விழுந்த புள்ளிகள் எத்தனை" என்று கேட்டு எழுத வேண்டும். நான் பார்த்த விலைமனு எதிலும் அந்த வரி இருந்ததில்லை.

லேசரை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. அடர்ந்த புல், முற்றிய நெல் இவற்றுக்குள் அது நன்றாக இறங்காது. பயிரின் தலையும் தரையும் அருகருகே இருப்பதால் இரண்டு எதிரொலியும் ஒன்றாகக் குழம்பிவிடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயல்களை அளப்பதென்றால் அறுவடைக்குப் பின் பறப்பதே வழி, அப்போது படமும் லேசரும் ஏறத்தாழச் சமம். தண்ணீரிலும் லேசர் தோற்கும். நிலத்தை அளக்கும் அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும், அமைதியான நீர்ப்பரப்பானால் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பியும்விடும். உள்துறைமுகம், லேசர் அளந்த புள்ளிகள் எல்லாம் சேர்ந்த புள்ளித்திரளில் ஒரு பெரிய கறுப்புப் பொத்தலாகத்தான் இருக்கும். கடலுக்கடியைக் காணப் பச்சை லேசர் என்று தனி வகை உண்டு, அது இந்த வேலைக்குத் தேவையில்லை.

எங்கள் ஊருக்கு உண்மையில் முக்கியமான தோல்வி மதில்தான். திருகோணமலையில் வளவுக்கு வளவு ஆறடி மதில். வெள்ளம் வந்தால் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வது சரிவைவிட இந்த மதில்களே. ஒரு மதிலின் தடிப்பு 15 சென்ரிமீற்றர். சதுர மீற்றருக்கு 4 புள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி அரை மீற்றர். மதில் இரண்டு புள்ளிக்கு நடுவில் நழுவிவிடும். ஒன்றிரண்டு புள்ளி அதன் தலையில் விழுந்தாலும், தரையைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி "இது தரையில்லை" என்று கழித்துவிடும். 2016இல் வந்த ஒரு வடிகட்டி பெயர்பெற்றது: புள்ளித்திரளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு சேலையை விரித்துப் போட்டால் எப்படிப் படியுமோ அப்படி ஒரு துணியைக் கணினியில் போட்டு, துணி தொட்ட புள்ளிகள் எல்லாம் தரை என்று எடுக்கும். கிளவுட்கொம்பெயார் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. அந்தத் துணிக்கு மதில் ஓர் ஓட்டைதான், மேலாலே விரிந்து போய்விடும். 30 சென்ரிமீற்றர் அகலக் கானும் புள்ளிகளுக்கு நடுவில் நழுவிக் காணாமல் போகும். தண்ணீர் ஓடும் வழியும் தண்ணீரை மறிக்கும் சுவரும் இரண்டும் இல்லாத ஒரு துல்லியமான தரை கையில் மிஞ்சும்.

படத்திலோ மதில் ஒரு வெள்ளைக் கோடு. கான் ஒரு கறுப்புக் கோடு. மூன்று வயதுப் பிள்ளையும் விரலை வைத்துக் காட்டும்.

கூரை விளிம்பிலும் இதே கதை. லேசரில் ஓட்டுக்கூரையின் சரிவு நேர்த்தியாக வரும், ஏனென்றால் ஒரு தளத்தில் நூறு புள்ளி விழுந்தால் ஒவ்வொன்றின் சிறு பிசகும் சராசரியில் அடங்கிவிடும். ஆனால் தாழ்வாரம் எங்கே முடிகிறது என்றால் வாள்பல்லுப்போல அரை மீற்றர் முன்னும் பின்னுமாக நெளியும். படத்தில் விளிம்பு கத்தி வெட்டு, சரிவில் மேடுபள்ளம். ஒன்று தளத்தை நன்றாகச் சொல்கிறது, மற்றது கோட்டை நன்றாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்க்கும் யோசனை முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

சேர்ப்பது என்றால் என்ன என்பதில்தான் விற்பனைப் பேச்சு குழப்புகிறது. புள்ளித்திரளுக்குப் படத்திலிருந்து நிறம் பூசித் தருவதைப் பலர் "இணைப்பு" என்கிறார்கள். பார்க்க அழகு, அமைச்சர் வந்தால் காட்டலாம். ஒரு சென்ரிமீற்றர்கூட அதனால் திருந்தாது. அதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

உண்மையான சேர்க்கையில் வேலை பங்குபோடப்படும். தரை உயரம் லேசரிலிருந்து. கூரைத் தளங்கள் லேசரிலிருந்து. கூரை விளிம்பு, மதில், கான், வீதியோரம் ஆகிய கோடுகள் படத்திலிருந்து, அந்தக் கோடுகளைத் தரை மாதிரிக்குள் செருகி, மதில் இருக்கும் இடத்தில் உயர்த்தி, கான் இருக்கும் இடத்தில் தோண்டி விடுவது. எது மரம், எது வீடு என்ற தீர்ப்பும் படத்தின் உதவியால்தான், அதிலும் அகச்சிவப்புப் பட்டை உள்ள கமராவாக இருந்தால். உயிருள்ள இலை அகச்சிவப்பைப் பளிச்சென்று திருப்பும், பச்சைப் பெயின்ற் அப்படிச் செய்யாது. சாதாரணப் படத்தில் பச்சைத் தகரக் கூரையையும் அதன்மேல் சாய்ந்த மாமரத்தையும் பிரிக்கத் தெரியாமல் விழித்த மென்பொருள், இந்த ஒரு பட்டையைக் கொடுத்ததும் சரியாகிவிடும்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் எங்கே உரசிப் பார்க்கப்பட்டது என்று கேட்டால், பெரும்பங்கு ஜெர்மனியில் வைஹிங்கன் என்ற சிறு ஊரில். அனைத்துலக வான்பட அளவையியல் சங்கம் அந்த ஊரின் 8 சென்ரிமீற்றர் அகச்சிவப்புப் படங்களையும் சதுர மீற்றருக்கு 4 புள்ளி அளவிலான லேசர் தரவையும் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஊருக்கு ஊர் கணிப்புமுறைகள் அதில் ஓடி ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. நெதர்லாந்தில் டெல்ஃப்ற் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கட்டட எல்லைப் பதிவேட்டையும் தேசிய லேசர் தரவையும் சேர்த்து நாட்டிலுள்ள ஏறத்தாழ ஒரு கோடிக் கட்டடங்களுக்குக் கூரை வடிவோடு முப்பரிமாண மாதிரி செய்து இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே கோடு படத்திலிருந்து நேரடியாக வரவில்லை, பதிவேட்டிலிருந்து வந்தது. நம்மிடம் அப்படி ஒரு பதிவேடு இல்லாததால் கோட்டுக்குப் படம் தவிர வேறு கதியில்லை.

இரண்டும் சேர்ந்தாலும் தீராதவை உண்டு. மேலிருந்து நேர்கீழாகப் பார்க்கும் எதற்கும் செங்குத்து முகம் தெரியாது. கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டை ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் என்று எழுதும் மாதிரியில் போட்டால், கடலுக்குள் நேரே இறங்கும் பாறைப் பிளவு, சறுக்குமரம்போல் சாய்ந்த பூச்சாக வரும். கோபுரமும் அப்படித்தான். பத்திரகாளி அம்மன் கோயில் கோபுரத்தின் சிற்பங்கள் நேர்கீழ் லேசரில் கரைந்த மெழுகு. சாய்கோணப் படங்களால்தான் அவற்றுக்கு உயிர் வரும். வடிகால் கணக்குக்குக் கோபுரச் சிற்பம் தேவையில்லை, ஆனால் சுற்றுலாவுக்கும் மரபுப் பதிவுக்கும் அதே தரவைப் பயன்படுத்தலாம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் இந்த இடத்தை நினைவூட்டுங்கள்.

இப்போது நான் அதிகம் மல்லுக்கட்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

படமும் லேசரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிய வேண்டும் என்றால் இரண்டும் ஒரே உயரத்தையும், இடத்தை எண்ணால் சொல்லும் ஒரே வரைபடக் கட்டத்தையும் பேச வேண்டும். ட்ரோனிலிருக்கும் ஜி.பி.எஸ். சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்குக் கணிதத்தில் வரைந்த ஒரு முட்டைவடிவத்திலிருந்து. உலகில் பூமியின் ஈர்ப்பு மட்டம் மிக ஆழமாகக் குழிந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில். அதன் விளைவாக டச்சுக் குடாவின் மணலில் காலை நனைத்துக்கொண்டு நின்றாலும் கருவி உங்களைத் தொண்ணூறு மீற்றருக்கும் கீழே இருப்பதாகக் காட்டும். அது பரவாயில்லை, எண் பெரிது என்பதால் பிழை உடனே தெரியும். ஆபத்து எங்கே என்றால், படத்தை ஒரு மாற்றுமுறையாலும் லேசரை இன்னொரு மாற்றுமுறையாலும் கடல்மட்டத்துக்குக் கொண்டுவரும்போது. இரண்டும் நியாயமான எண்ணாகத் தெரியும். நடுவில் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் படிக்கட்டு ஒளிந்திருக்கும். முதலில் சொன்ன ஒழுங்கையைக் கெடுக்க அதற்கும் குறைவே போதுமாக இருந்தது.

கட்டத்திலும் இதே தொல்லை. பழைய வரைபடங்களில் கண்டவல என்ற பழைய அளவை அடிப்படையில் எண்கள் 2,00,000, 2,00,000 என்ற தொடக்கத்திலிருந்து வரும். அதற்குப் பதிலாக வந்த புதிய அடிப்படையான எஸ்.எல்.டி.99 முறையில் 5,00,000, 5,00,000. பழைய கான் வரைபடத்தை வெறுமனே மூன்று இலட்சம் கூட்டித் தள்ளிவைத்தால் போதும் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போதாது, இரண்டின் அடிப்படையும் வேறு. கான் பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போய் நிற்கும்.

ஆகவே கருவி எது என்று கேட்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி: தரையில் குறி எங்கே வைக்கிறீர்கள்? நில அளவைத் திணைக்களத்தின் உயரக் குறியிலிருந்து மட்டமானியால் கொண்டுவந்த, ஐந்து வருடம் கழித்தும் அதே இடத்தில் இருக்கக்கூடிய இருபது முப்பது குறிகள் வேண்டும். மதகின் தலைச்சுவர், மக்கெய்சர் மைதானத்தின் கொங்கிறீற்று மூலை, பாடசாலைக் கூடைப்பந்துத் தளம். படத்துக்கு வர்ணத்தால் தீட்டிய சிலுவைக்குறி போதும். லேசர் அந்தச் சிலுவையைப் பார்க்காது, அதற்கு விரிந்த சமதளமும், கிடைநிலை சரிபார்க்க இரண்டு சரிவுள்ள ஓட்டுக்கூரைகளும் தேவை. இரண்டு வகையும் ஒரே மட்டப்படுத்தலில் அளக்கப்பட்டிருந்தால் படமும் லேசரும் தானாகச் சேரும். இல்லாவிட்டால் எந்த மென்பொருளாலும் சேராது.

இவ்வளவும் சொன்னபின், திருகோணமலைக்கு நான் எதைத் தெரிவேன்?

இரண்டையும், ஆனால் ஒரே பறப்பில் அல்ல. கமராவும் லேசரும் ஒன்றாகப் பூட்டிய பெட்டிகள் பெரிய விமானத்துக்கும் வந்துவிட்டன, ட்ரோனுக்கும் வந்துவிட்டன. ஒரே நேரத்தில் எடுத்தால் வீடு, மரம், வாகனம் எல்லாம் இரண்டிலும் ஒரே நிலையில் இருக்கும், சேர்ப்பது சுகம். அது உண்மையான நன்மை. ஆனால் நகரம் மாறும் விதத்தைப் பாருங்கள். தரை மெதுவாக மாறும். கூரை வேகமாக மாறும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஒரு வருடத்தில் எழும்பும் மாடிகளை எண்ணினால் தெரியும். மெதுவாக மாறுவதற்கு விலைகூடிய கருவியை வருடாவருடம் பறக்கவிடுவது வீண்செலவு. லேசரை ஒருமுறை, அடர்த்தியாக, நகர மையத்துக்கும் மரம் கூடிய குடியிருப்புகளுக்கும். படத்தை வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ, அதே தரைக்குறிகளின் மேல். புதிய படத்தில் புதிய கூரையும் மதிலும் தெரியும், பழைய லேசரிலிருந்து தரை வரும்.

தரை மெதுவாக மாறும் என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் என்னை உதைப்பார்கள். காபட் வீதி. ஒவ்வொரு முறை காபட் போடும்போதும் வீதி உயரும், வளவு தாழும். வளவுக்குள் தண்ணீர் வருவதற்குப் பாதி இடங்களில் இதுதான் காரணம் என்பது என் சொந்தக் கணிப்பு. நல்லவேளையாக வீதி வானத்துக்குத் திறந்திருப்பது. காபட் போட்ட வீதியின் உயரத்தை அடுத்த படத்திலிருந்தே, நல்ல குறிகள் இருந்தால், எடுத்துக்கொள்ளலாம். மரம் மூடிய வீதிக்கு மட்டமானிதான்.

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைக்கு லேசர் தேவையில்லை. மணல் திறந்த வெளி, கரை எங்கே நகர்கிறது என்று பார்க்க மாரிக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தால் போதும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் நடுவே கரையேறியது, அப்படிப்பட்ட ஒன்றுக்கு முன்னான படம் கையில் இல்லாதவர்கள் பின்னால் எடுத்த படத்தை வைத்து என்ன செய்வார்கள்? சீனன்குடாப் பக்கத்தில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளைக் காடு மூடியிருக்கும் பகுதிக்கு நேரெதிர்: படம் எடுத்தால் காட்டின் தலைதான் கிடைக்கும், லேசர் இல்லாமல் போகவே கூடாது.

அனுமதி இந்த ஊரில் தொழில்நுட்பத்தைவிடப் பெரிய விஷயம். ஒரு பக்கம் கடற்படை, ஒரு பக்கம் சீனன்குடா விமானத்தளம், பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் கையில் வருவதற்குள் பருவம் மாறிவிடும். மாரி முடிந்து கச்சான் காற்று கிளம்புவதற்கு நடுவில் கிடைக்கும் சில வாரங்களே பறக்க நல்ல காலம். காற்றில் ஆடும் தென்னோலையைக் கமரா ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் காணும், மென்பொருள் அதை ஓலையென்றும் சொல்லாது தரையென்றும் சொல்லாது, ஏதோ பஞ்சுப்பொதியாகக் காட்டும். ஆகவே விண்ணப்பத்தை முந்திய வருடக் கடைசியிலேயே போட்டுவிடுங்கள்.

காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால்? வடிகாலுக்கு லேசர், அதோடு மதிலையும் கானையும் ஆள்வைத்து நடந்து குறித்தல். சோலைவரிக்கும் கட்டடக் கணக்குக்கும் படம். இரண்டுக்கும் சேர்த்துப் படம் மட்டும் எடுத்துவிட்டு "தரையும் இதிலேயே வரும்" என்று சொல்பவரிடம், முதலில் ஒரு மாமரத்தடியின் உயரத்தைக் கேட்டு, மட்டமானியோடு போய்ப் பாருங்கள்.

கடைசியாக, வீதிக்கு அடியில் ஓடும் மதகுக் குழாய். அதை லேசரும் காணாது, கமராவும் காணாது. இரண்டு மாதிரியிலும் வீதி ஓர் அணைதான், தண்ணீர் இந்தப் பக்கம் குளமாக நிற்கும். யாராவது ஒருவர் கோலோடு இறங்கி, குழாயின் இரு வாயின் உயரத்தையும் அளந்து, மாதிரியில் வீதியை அறுத்துவிட வேண்டும். என்.சி. றோட்டுக்குப் பின்னால் அந்த ஒழுங்கையில் அப்படி இறங்கியபோது குழாயின் ஒரு வாயைத்தான் கண்டுபிடித்தோம். மற்ற வாய் யாரோ கட்டிய மதிலுக்கு அடியில் இருந்தது.